தகடு எப்படி பைப் ஆகிறது? டியூப் மில்லுக்குள் நடப்பது என்ன, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டு கேட், மாடிப்படி கைப்பிடி, சைக்கிள் ஃபிரேம், பந்தல் கால், பள்ளிக்கூட பெஞ்ச், போர்வெல்லில் இருந்து டேங்குக்குப் போகும் தண்ணீர் லைன். இவற்றில் எல்லாம் இருக்கும் இரும்பு பைப், பெரும்பாலும் ஒரு காலத்தில் தட்டையான தகடாக இருந்ததுதான்.

தகட்டைச் சுருட்டி, இரண்டு ஓரத்தையும் ஒட்டினால் பைப். கேட்க ரொம்ப சிம்பிளாக இருக்கும். ஆனால் ஒரே சைஸ் என்று வாங்கிய இரண்டு பைப்பில் ஒன்று வருஷக்கணக்கில் உழைக்கிறது. இன்னொன்று பட்டறையில் வளைக்கும்போதே நீளவாக்கில் பிளந்துகொள்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? அதைத் தெரிந்துகொள்ள பைப் செய்யும் மெஷினுக்குள் ஒரு முறை போய்வர வேண்டும்.

பைப் எத்தனை வகை?

இரும்பு பைப்பை முக்கியமாக இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று, வெல்டிங் கோடே இல்லாத 'சீம்லெஸ்' பைப். பழுக்கக் காய்ச்சிய முழு இரும்பு உருளையின் நடுவில் துளை போட்டு நீட்டி எடுப்பது. ஜெர்மனியைச் சேர்ந்த மேன்னெஸ்மேன் சகோதரர்கள் 1880-களில் கண்டுபிடித்த முறை இது. பாய்லர், உயர் அழுத்த லைன் போன்ற இடங்களில் பயன்படுகிறது. விலையும் அதிகம்.

இரண்டு, தகட்டைச் சுருட்டி வெல்டிங் செய்யும் பைப். இதற்கு வரலாறு இன்னும் பழையது. 1825-ல் இங்கிலாந்தின் கொர்னீலியஸ் வைட்ஹவுஸ், காய்ச்சிய இரும்புப் பட்டையை ஒரு துளை வழியாக இழுத்து, ஓரங்களை ஒட்டவைத்துக் குழாய் செய்யும் முறைக்கு காப்புரிமை பெற்றார். இன்று ஹார்டுவேர் கடையில் நாம் வாங்கும் பைப்பில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான். மின்சாரத்தால் வெல்டிங் செய்வதால் இதை 'இஆர்டபிள்யூ' பைப் என்பார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சைக்கிள் ஃபிரேமுக்குத் துல்லியமான பைப் வேண்டும். டிஐ சைக்கிள்ஸ் 1949-ல் நிறுவப்பட்ட சில ஆண்டுகளில், 1955-ல் சென்னையை அடுத்த ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலை தொடங்கப்பட்டது.

டியூப் மில் எப்படி வேலை செய்கிறது?

டியூப் மில் என்பது ஒற்றை மெஷின் இல்லை. நீளமாக வரிசைகட்டி நிற்கும் பல மெஷின்களின் தொடர். ஒரு முனையில் தகடு நுழையும், மறு முனையில் வெட்டிய பைப் வந்து விழும்.

1. பட்டையாகக் கிழிப்பது. ஸ்டீல் ஆலையில் இருந்து அகலமான தகடு டன் கணக்கில் எடையுள்ள காயிலாக வரும். அதை 'ஸ்லிட்டிங்' மெஷின் தேவையான அகலத்துக்குப் பட்டைகளாகக் கிழிக்கும். அகலத்துக்கு எளிய கணக்கு இருக்கிறது. 1 இன்ச் மீடியம் பைப்பின் வெளி விட்டம் 33.7 மி.மீ., கனம் 3.2 மி.மீ. ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் 30.5. அதை 3.14-ஆல் பெருக்கினால் சுமார் 96 மி.மீ. வெல்டிங்கில் பிதுங்கி வெளியேறும் உலோகத்துக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். பட்டை குறுகலாகப் போனால் ஓரங்கள் சரியாக அழுந்தாது. கோளாறின் முதல் விதை இங்கேயே விழுந்துவிடும்.

2. சேமிப்பு. ஒரு காயில் முடிந்ததும் அதன் வாலோடு அடுத்த காயிலின் தலையை வெல்டிங் செய்வார்கள். அதற்காக மில்லை நிறுத்த முடியாது. எனவே 'அக்குமுலேட்டர்' என்ற பகுதியில் பட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்கப்படும். இணைப்பு வேலை நடக்கும் நேரத்துக்கு மில் அந்தக் கையிருப்பைச் சாப்பிட்டு ஓடும்.

3. சுருட்டுவது. ஜோடி ஜோடியாக ரோலர்கள். முதல் ஜோடி பட்டையை லேசாகக் குழிவாக்கும். அடுத்தது இன்னும் கொஞ்சம். இப்படிப் படிப்படியாக 'யு' வடிவம் வந்து, கடைசியில் மேலே ஒரு சின்ன இடைவெளி மட்டும் மிஞ்சும். ஒரே அழுத்தில் ஏன் மடக்கக் கூடாது? பட்டை வளையும்போது அதன் நடுப்பகுதியைவிட ஓரங்கள் அதிக தூரம் பயணிக்கின்றன. அவசரப்பட்டால் ஓரம் இழுபட்டு, புடவை முந்தானை போலச் சுருங்கி அலை அலையாக நிற்கும். அலையாக நிற்கும் இரண்டு ஓரங்களை ஒழுங்காக ஒட்ட முடியாது.

4. வெல்டிங். இதுதான் இதயம். அடுத்த பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

5. செதுக்குவது, குளிரவைப்பது, அளவுக்குக் கொண்டுவருவது. வெல்டிங்கில் பிதுங்கிய உலோகத்தை ஒரு கூர்மையான டூல் செதுக்கி எடுக்கும். சூடான இரும்பு நீளமான சுருளாகக் கழன்று வரும். பிறகு தண்ணீரில் குளிர்ந்து, 'சைசிங்' ரோலர்களுக்குள் புகுந்து சரியான விட்டத்துக்கு வரும்.

6. வெட்டுவது. பைப் ஓடிக்கொண்டே இருக்கும். ரம்பம் நின்ற இடத்தில் நின்று வெட்டினால் முட்டிக்கொள்ளும். அதனால் ரம்பமும் பைப்பின் வேகத்துக்கே கூட ஓடி, வெட்டி முடித்து, பழைய இடத்துக்குத் திரும்பும். பெரும்பாலும் 6 மீட்டர், அதாவது நம்ம ஊரில் சொல்லும் '20 அடி லென்த்'.

ராடு இல்லாமல் வெல்டிங் எப்படி?

பட்டறை வெல்டிங்கில் ராடு உருகி இடைவெளியை நிரப்பும். டியூப் மில்லில் ராடும் கிடையாது, கம்பியும் கிடையாது. தகட்டின் சொந்த ஓரங்களே சூடாகி, ஒன்றோடு ஒன்று அழுந்தி இணைய வேண்டும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. இங்கே பயன்படுத்துவது வினாடிக்குச் சில லட்சம் சுற்று. இவ்வளவு வேகமாகத் திசை மாறும் மின்சாரம் உலோகத்தின் உள்ளே இறங்காது, மேற்பரப்பிலேயே ஓடும். அருகருகே இருக்கும் இரண்டு ஓரங்களிலும் குவியும். அதனால் முழு பைப்பும் சூடாகாமல், 'வி' வடிவில் நெருங்கி வரும் ஓரங்கள் மட்டும் நொடிப்பொழுதில் உருகும் நிலைக்குப் போகின்றன. அதே கணத்தில் இரு பக்கமும் உள்ள ரோலர்கள் அவற்றை நெருக்கி அழுத்துகின்றன.

அந்த அழுத்தத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. சூடான ஓரத்தில் படிந்திருக்கும் ஆக்சைடு அழுக்கை, உருகிய உலோகத்தோடு சேர்த்து வெளியே பிதுக்கித் தள்ள வேண்டும். சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் சேர்ந்தால்தான் அது உண்மையான இணைப்பு.

இங்கே நடக்கும் தவறுகள்தான் பின்னால் பைப் பிளக்கக் காரணம்:

- சூடு போதாவிட்டால் ஓரங்கள் ஒட்டியது போலத் தெரியும், உள்ளுக்குள் ஒட்டியிருக்காது.
- அழுத்தம் போதாவிட்டால் ஆக்சைடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.
- ஒரு ஓரம் மேலே, ஒரு ஓரம் கீழே என நின்றால், இணையும் பரப்பு குறைந்துவிடும்.

மூன்றுமே வெளிப்பார்வைக்கு எளிதில் தெரியாது. அதனால்தான் ஆலையில் சோதனை செய்கிறார்கள். ஒரு துண்டு பைப்பை, வெல்டிங் கோடு பக்கவாட்டில் இருக்குமாறு வைத்து பிரஸ்ஸில் நசுக்குவார்கள். நசுங்கும்போது வளைவு மிகக் கூர்மையாக வருவது அந்தப் பக்கத்தில்தான். அங்கே விரிசல் விடாமல் இருந்தால் வெல்டிங் பாஸ். இது தவிர, ஓடும் பைப்பில் குறை கண்டுபிடிக்க 'எட்டி கரன்ட்' சோதனையும், தண்ணீர் அழுத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு.

சதுர பைப்பும் இதே மெஷினில்தான் வருமா?

ஆமாம். பெரும்பாலும் முதலில் வட்ட பைப்பாக வெல்டிங் செய்து, பிறகு நான்கு பக்கமும் ரோலர் வைத்து அழுத்திச் சதுரமாக்குவார்கள். 25 × 25 மி.மீ. சதுர பைப்பின் சுற்றளவு ஏறத்தாழ 100 மி.மீ. எனவே அது சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள வட்ட பைப்பாகத் தொடங்குகிறது. சதுர பைப்பின் மூலைகள் கூர்மையாக இல்லாமல் லேசாக உருண்டு இருப்பதற்கும் இதுதான் காரணம்.

ஒவ்வொரு சைஸுக்கும் தனி ரோலர் செட் வேண்டும். செட்டை மாற்றி, சரிபார்த்து, மீண்டும் ஓடவிட மணிக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு சைஸை மாட்டினால் மொத்தமாக ஓட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள்.

வெல்டிங்கே இல்லாமல் தகட்டில் பைப் செய்ய முடியுமா?

முடியும். தியேட்டர், மால், அலுவலகங்களின் கூரையில் ஏசி காற்று போகும் உருண்டையான வெள்ளி நிறக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் திருகு போலச் சுற்றிச் சுற்றி ஒரு மடிப்பு ஓடும். மெல்லிய ஜிஐ பட்டையை மெஷின் சாய்வாகச் சுற்றி, பக்கத்துப் பக்கத்து ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்துப் பூட்டிவிடும். வெல்டிங் இல்லாததால் துத்தநாகப் பூச்சு எரிவதில்லை. அந்த மடிப்பே குழாய்க்கு முதுகெலும்பாகவும் இருக்கும். ஆனால் இது காற்றுக்கு மட்டும்தான், அழுத்தத்தோடு வரும் தண்ணீருக்கு ஆகாது.

சாலையோரம் புதைக்கக் காத்திருக்கும் பெரிய குடிநீர்க் குழாய்களில் பலவற்றிலும் இதே சாய்வுச் சுற்று உண்டு. அங்கே கனமான தகட்டைச் சுற்றி, உள்ளேயும் வெளியேயும் வெல்டிங் செய்கிறார்கள்.

ஜிஐ, ஜிபி: இரண்டும் ஒன்றா?

கடையில் அதிகம் குழப்பம் வரும் இடம் இது. இரண்டும் பளபளவென்று ஒரே மாதிரி இருக்கும். ஆனால் செய்த வரிசை வேறு.

ஜிஐ என்றால், முதலில் பைப் செய்து, பிறகு சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகியிருக்கும் துத்தநாகத் தொட்டியில் முழுதாக முக்கி எடுப்பது. உள்ளே, வெளியே, வெல்டிங் கோட்டின் மேல் என எல்லா இடத்திலும் பூச்சு ஏறும்.

ஜிபி என்றால், ஏற்கெனவே துத்தநாகம் பூசிய தகட்டை வாங்கி, அதைச் சுருட்டி வெல்டிங் செய்வது. வெல்டிங் சூட்டில் அந்தக் கோட்டில் உள்ள பூச்சு எரிந்துபோகும். வெளிப்பக்கம் மீண்டும் துத்தநாகம் தெளித்து மூடலாம். பைப்பின் உள்பக்கம் அந்தக் கோடு வெறும் இரும்பாகவே நிற்கும். மழை, ஈரம், தண்ணீர் படும் இடத்தில் துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

ஜிபி மோசம் என்று அர்த்தமில்லை. வீட்டுக்குள் நிற்கும் ஃபர்னிச்சர், ஃபால்ஸ் சீலிங் ஃபிரேம் போன்றவற்றுக்குப் போதும். தண்ணீர் லைனுக்கும், கடற்கரை ஊர்களில் வெளியே நிற்கும் வேலைக்கும் அதை ஜிஐ என்று நம்பி வாங்கினால்தான் நஷ்டம்.

மெஷின் அருகே நிற்பவர்களுக்கு என்ன ஆபத்து?

எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரோலர்கள் கையுறையின் நுனியைப் பிடித்தாலும் கையையே உள்ளே இழுத்துவிடும். காயிலைக் கட்டியிருக்கும் ஸ்டீல் பட்டியை வெட்டும்போது, சுருண்டிருந்த தகடு ஸ்பிரிங் போல விரிந்து அடிக்கும். சுழலும் ஆபத்தான பாகங்களுக்கு மூடி இருக்க வேண்டும். "மூடியைக் கழற்றினால் வேலை சீக்கிரம் முடியும்" என்ற பேச்சுக்கு விலை விரல்தான்.

பட்டறை வெல்டர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டிங் செய்யும்போது வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி வரலாம். இணைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், தகுந்த மாஸ்க் போட்டு வேலை செய்வது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய 5 விஷயங்கள்

1. எடை போட்டுப் பாருங்கள். ஐஎஸ் 1239 தரத்தில் லைட், மீடியம், ஹெவி என மூன்று வகை உண்டு. அடையாள நிறம் முறையே மஞ்சள், நீலம், சிவப்பு. 1 இன்ச் பைப்பின் கனம் 2.6, 3.2, 4.0 மி.மீ. பூச்சு இல்லாத 6 மீட்டர் லென்த் ஒன்று சுமார் 12, 14.5, 17.5 கிலோ இருக்கும். ஜிஐ என்றால் பூச்சால் கொஞ்சம் கூடும். சிறு வித்தியாசத்தைத் தரநிலையே அனுமதிக்கிறது. ரொம்பக் குறைந்தால் கேள்வி கேளுங்கள்.

2. கிலோ கணக்கா, லென்த் கணக்கா? லென்த் கணக்கில் வாங்கும்போதுதான் கனம் குறைந்தால் நமக்கு இழப்பு. 1.6 மி.மீ. என்று சொல்லி 1.4 மி.மீ. கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது.

3. அளவெடுக்கும் இடம் முக்கியம். வெர்னியர் வைத்துக் கனம் பார்க்கும்போது வெல்டிங் கோட்டையும், வெட்டிய ஓரத்தில் துருத்தி நிற்கும் பிசிறையும் தவிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கனம் கூடுதலாகக் காட்டும்.

4. முனைக்குள் எட்டிப் பாருங்கள். செல்போன் டார்ச் அடித்தால் உள்ளே வெல்டிங் கோடு தெரியும். நேராக, விட்டுவிட்டு இல்லாமல் ஓட வேண்டும். ஒரு ஓரம் படி போல உயர்ந்து நின்றால் வேண்டாம். கோடு மட்டும் பூச்சில்லாமல் தனி நிறத்தில் இருந்தால் அது ஜிபி பைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

5. ஐஎஸ்ஐ முத்திரையோடு உரிம எண்ணையும் பாருங்கள். 'சிஎம்/எல்' என்று தொடங்கும் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், அந்த உரிமம் யாருடையது, இப்போது செல்லுபடியாகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

பைப்பை வளைக்கப் போகிறீர்கள் என்றால், வெல்டிங் கோடு வளைவின் வெளிப்பக்கத்திலோ உள்பக்கத்திலோ வராமல், பக்கவாட்டில் வரும்படி வைக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அழுந்தும். பக்கவாட்டில்தான் சுமை மிகக் குறைவு. நல்ல பைப்புக்கும் இது பொருந்தும்.