மாணவர் சங்கத்துக்கு உண்மையில் என்ன அதிகாரம்? புனேயின் இரண்டு வளாகங்கள் சொல்லும் பதில்

விடுதிக் கட்டணம் திடீரென்று ஏறுகிறது. ரிசல்ட் மாதக்கணக்கில் வரவில்லை. கல்லூரியில் படித்த எல்லோரும் இதில் ஒன்றையாவது பார்த்திருப்போம். அப்போது நிர்வாகத்திடம் நமக்காகப் பேசியது யார்? அந்தப் பொறுப்பை அவருக்குக் கொடுத்தது மாணவர்களா, முதல்வரா? இந்தக் கேள்விக்குப் புனேயில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன.

சங்கம் வேற, கட்சி அமைப்பு வேற

ஏபிவிபி, என்எஸ்யூஐ, எஸ்எஃப்ஐ போன்றவை விரும்பியவர்கள் சேரும் அமைப்புகள். மாணவர் பேரவை அப்படியல்ல. வளாகத்தில் படிக்கும் அனைவருக்கும் அதுவே பிரதிநிதி. அதனால் அதன் தலைவர் எப்படி வருகிறார் என்பதுதான் முக்கியம்.

முதல் மாணவரே பிரதிநிதி

மகாராஷ்டிராவில் கல்லூரித் தேர்தல்கள் வன்முறையில் முடிந்ததால் 1990களில் நிறுத்தப்பட்டன. 1994 பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, முந்தைய ஆண்டுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் வகுப்புப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். நன்றாகப் படிப்பவர் நமக்காக நன்றாகச் சண்டை போடுவாரா என்று யாரும் கேட்கவில்லை.

2016இல் வந்த மகாராஷ்டிரா பொதுப் பல்கலைக்கழகங்கள் சட்டம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்தது. புனேயின் சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்துக்கும் அதன் இணைப்புக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் விவாதிக்கப்படும் செனட்டிலும் மாணவர் பேரவைக்கு இடம் உண்டு. ஆனால், 2019இல் நடக்கவிருந்த தேர்தல், சட்டமன்றத் தேர்தலைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து வளாகங்களை மூடிவிட்டது. சட்டத்தில் நாற்காலி இருக்கிறது. தேர்தல் நடந்தால்தான் அதில் உட்கார ஆள் வரும்.

யார் போட்டியிடலாம்?

முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றுக்கொண்டது. அவற்றில் முக்கியமானவை:

• இளநிலை மாணவர்களுக்கு வயது 17 முதல் 22 வரை. ஆய்வு மாணவர்களுக்கு உச்ச வரம்பு 28.
• போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது; 75% வருகைப்பதிவு வேண்டும்.
• தேர்தல் செலவு அதிகபட்சம் 5,000 ரூபாய்.
• அச்சடித்த போஸ்டர் கூடாது. கட்சிப் பணமும் கூடாது.

எஃப்டிஐஐ: குரல் இருந்தது, ஓட்டு இல்லை

புனே திரைப்படக் கல்லூரியின் கதை வேறு. அங்கே மாணவர் சங்கம் உண்டு, வலுவாகவும் இருந்தது. 2015இல் நடிகர் கஜேந்திர சௌஹானை எஃப்டிஐஐ தலைவராக மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் நியமித்தது. அவருக்கும் புதிய உறுப்பினர்கள் சிலருக்கும் தகுதி இல்லை என்று சொல்லி ஜூன் 12 அன்று மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உறுப்பினராக அறிவிக்கப்பட்டிருந்த ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் விலகினார். ஆகஸ்ட்டில் மாணவர்கள் இயக்குநரை முற்றுகையிட்டார்கள். அடுத்த நாள் நள்ளிரவில் போலீஸ் ஐந்து மாணவர்களைக் கைது செய்தது. நாடு முழுக்க இது தலைப்புச் செய்தியானது. அமைச்சகமும் பேச்சுவார்த்தைக்கு வந்தது.

139 நாள்களுக்குப் பிறகு, அக்டோபர் 28 அன்று வேலைநிறுத்தம் முடிந்தது. நியமனம் மட்டும் மாறவில்லை. 2016 ஜனவரியில் சௌஹான் பொறுப்பேற்றார்.

ஏன்? தலைவரை நியமிக்கும் அதிகாரம் அமைச்சகத்திடம் இருந்தது. அந்த முடிவில் மாணவர் சங்கத்துக்கு ஓட்டு கிடையாது. 2023இல் அதே பதவிக்கு நடிகர் மாதவனை நியமித்ததும் அதே அமைச்சகம்தான். ஆள் மாறினார், வழி மாறவில்லை.

தேர்தலே இல்லைன்னா என்ன செய்வது?

யுஜிசியின் 2023 விதிமுறைகளின்படி, ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். சான்றிதழைத் தராமல் பிடித்துவைப்பது, கட்டணத்தைத் திருப்பித் தராதது, பாகுபாடு போன்ற புகார்களை அங்கே கொடுக்கலாம். குழு 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இந்தக் குழுவிலும் ஒரு மாணவர் உண்டு. ஆனால், அவர் படிப்பு, விளையாட்டு போன்றவற்றின் அடிப்படையில் நியமிக்கப்படும் சிறப்பு அழைப்பாளர் மட்டுமே. தனிப்பட்ட புகாருக்கு இந்தக் குழு உதவும். கட்டண உயர்வு மாதிரி எல்லோரையும் பாதிக்கும் முடிவுகளில் மாணவர்களின் பேச்சாளராக அது இருக்க முடியாது.

அப்போ, எதைப் பார்க்கணும்?

மேல்படிப்புக்கு ஒரு வளாகத்தைத் தேர்வு செய்கிறீர்களா? தம்பி, தங்கையைச் சேர்க்கப் போகிறீர்களா? பிளேஸ்மென்ட் விவரத்தோடு இந்த மூன்றையும் விசாரியுங்கள். மாணவர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது யார்? கட்டணமும் விதிகளும் முடிவாகும் குழுவில் அவருக்கு இடம் இருக்கிறதா? இருந்தால், ஓட்டு உண்டா, இல்லை உட்கார்ந்து கேட்க மட்டும்தானா?

முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அங்கே பிரதிநிதியே இல்லை. மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், எஃப்டிஐஐ மாணவர்களைப் போல, போராட்டம்தான் கையில் மிஞ்சும்.