நீல் ஃபிராங்க்ளினும் பன்னிரண்டு பவுண்டும்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தின் காற்பந்துத் திடல்கள் மக்கள் வெள்ளத்தால் நிரம்பின. ஆடியவர்களின் சட்டைப்பைகளோ அவ்வாறு நிரம்பவில்லை. 1947ஆம் ஆண்டு விதித்த வரம்பின்படி ஓர் ஆட்டக்காரர் பெறக்கூடிய உச்ச ஊதியம் ஆட்டப் பருவத்தில் வாரத்திற்கு 12 பவுண்டு; கோடையில் 10 பவுண்டு. இந்த வரம்பினும் கொடியது பதிவு முறை. ஒப்பந்தம் ஓராண்டுக்கே உரியது. எனினும் ஆண்டு முடிந்த பின்னரும் ஆட்டக்காரரின் பதிவு கழகத்தின் கையிலேயே இருக்கும். கழகம் இசையாவிடில் அவர் வேறோர் ஆங்கிலக் கழகத்திற்கு ஆட இயலாது. கழகம் அவரை விற்கலாம். அவரோ தம்மை விடுவித்துக்கொள்ள வழியில்லை. ஸ்டோக் சிட்டி கழகம் 1947இல் புகழ்பெற்ற ஸ்டான்லி மேத்யூஸையே 11,500 பவுண்டுக்குப் பிளாக்பூலுக்கு விற்றது.

அதே ஸ்டோக்கில் வளர்ந்தவர் நீல் ஃபிராங்க்ளின். 1922இல் அந்நகரிலேயே பிறந்தவர். நடுத் தற்காப்பாளர் என்றால் பந்தை எட்டி உதைத்துத் தொலைப்பவர் என்று கருதப்பட்ட காலத்தில், அவர் பந்தை அடக்கி, நிதானமாகத் தம் குழுவினருக்கு வழங்கினார். 1946 முதல் 1950 வரை, தொடர்ச்சியாக 27 அனைத்துலக ஆட்டங்களில் இங்கிலாந்தின் தற்காப்பு அவரை நம்பியே நின்றது.

1950இல் கொலம்பியாவிலிருந்து அழைப்பு வந்தது. அந்நாட்டின் தொழில்முறைக் காற்பந்துத் தொடர் அப்போது அனைத்துலகக் கூட்டமைப்பின் கட்டுப்பாட்டிற்கு வெளியே இருந்தது. எனவே அங்குள்ள கழகங்கள் பழைய கழகத்திற்கு மாற்றுத் தொகை ஏதும் தராமலே ஆட்டக்காரர்களை ஈர்த்தன. பன்னிரண்டு பவுண்டைப்போல் பல மடங்கு தர முன்வந்தன. உலகக் கிண்ணப் போட்டிக்குத் தாம் வர இயலாது என்று தெரிவித்துவிட்டு, ஃபிராங்க்ளின் தம் குழுத்தோழர் ஜார்ஜ் மவுண்ட்ஃபோர்டுடன் பொகோட்டாவின் சாண்டா ஃபே கழகத்திற்குச் சென்றார். மான்செஸ்டர் யுனைட்டெட்டின் சார்லி மிட்டனும் அங்கே வந்து சேர்ந்தார்.

ஊரடங்கு நிலவிய அந்நகரில் ஃபிராங்க்ளினின் குடும்பத்தால் நிலைக்க முடியவில்லை. ஏறத்தாழ இரண்டே மாதங்களில் அவர் திரும்பினார். அதற்கிடையே, ஜூன் 29ஆம் நாள், பிரேசிலில் இங்கிலாந்து அமெரிக்காவிடம் 0–1 எனத் தோற்றிருந்தது. அவர் இருந்திருந்தால் வென்றிருக்குமா என்பது வீண் வினா; கோல் அடிக்கத் தவறியவர்கள் தற்காப்பாளர்கள் அல்லர்.

தண்டனை காத்திருந்தது. சில மாதங்கள் ஆடத் தடை. பிறகு 1951இல் ஸ்டோக் கழகம் அவரை 22,500 பவுண்டுக்கு இரண்டாம் பிரிவிலிருந்த ஹல் சிட்டிக்கு விற்றது. ஓடிப்போனவர் என்று பழிக்கப்பட்டவரை விற்றுக் கழகம் பொருள் ஈட்டியது என்பதை அக்கால நீதியின் இலக்கணமாகவே கொள்ளலாம். நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு மட்டும் அவருக்கு மீண்டும் வரவேயில்லை. தேர்வாளர்கள் அந்த இடத்திற்குப் பலரை அமர்த்திப் பார்த்தனர். 1954இல் பில்லி ரைட் பொறுப்பேற்ற பின்னரே குறை தீர்ந்தது. ஃபிராங்க்ளினோ முழங்கால் காயத்தோடு ஹல்லிலும், 1956 முதல் குரூவிலும், 1957 முதல் ஸ்டாக்போர்ட்டிலும் படிப்படியாகக் கீழிறங்கி ஆடினார்.

ஊதிய வரம்பு 1961இல் ஒழிந்தது. பதிவு முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர் நியூகாசிலிலிருந்து விலக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். அவர் விலகப் போராடியபோது அக்கழகத்தின் மேலாளராய் இருந்தவர், பொகோட்டாவுக்குப் போய்வந்த அதே சார்லி மிட்டன்! 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அம்முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுப்பதாகத் தீர்ப்பளித்தார்.

அவ்வாண்டு ஃபிராங்க்ளின் சைப்ரஸ் தீவில் அப்போயல் கழகத்தைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்து திரும்பி, கோல்செஸ்டர் யுனைட்டெட்டின் மேலாளராகி, 1968 வரை அங்கே பணியாற்றினார். 1996இல் மறைந்தார்.