சீகன்பால்கு, பார்த்தலோமேயு (1682–1719)

ஜெர்மானிய லூத்தரன் குரு, தமிழறிஞர், தரங்கம்பாடி மிஷனைத் தொடங்கியவர். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரி என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். பழவேற்காட்டிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக் குருமார் முன்பே இருந்ததால் இக்கருத்தை ஏற்காதோரும் உளர்.

சாக்சனியின் புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்தார். பிறந்த நாளை ஜூன் என்றும் ஜூலை என்றும் நூல்கள் வேறுபடக் கூறுகின்றன. ஹாலேயில் பயின்றார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, தோழர் புளூட்சாவுடன் 1706 ஜூலை 9 அன்று டேனியக் குடியேற்றமான தரங்கம்பாடியில் இறங்கினார்.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதி அவர் தமிழ் எழுத்துகளைக் கற்றார் என்பர். உள்ளூர் ஆசிரியர் ஒருவரும் அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரும் துணை நின்றனர். ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708இல் அவற்றுக்கு விளக்கக் குறிப்புகளோடு நூற்பட்டியல் வகுத்தார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். அவ்வாண்டு இறுதியில் டேனியக் கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரைச் சிறையிட்டார். ஒரு விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதே காரணம் என்பர். அடிப்படைப் பகை அதற்கும் முந்தியது என்று கருதுவோரும் உண்டு. நான்கு மாதம் கழித்து விடுதலையானார்.

புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தை 1711இல் முடித்தார். லண்டன் கிறித்துவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் பிடித்தனர். அதில் வந்த அச்சரும் வழியிலேயே மாண்டார். இயந்திரம் மட்டும் ஒருவாறு வந்து சேர்ந்தது. 1713இல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறைகளை உருக்கினர் என்று வழங்கும் செய்தி நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. அவ்வெழுத்துகளின் உதவியால் 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் வெளிவந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பொறையாற்றில் காகிதப் பட்டறையும் நிறுவப்பட்டது. ஆனால் தமிழ் அச்சு இப்பதிப்புக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் வெளியான தம்பிரான் வணக்கம் நூலோடு தொடங்கிவிட்டது.

1713இல் தமிழகத் தெய்வங்களைப் பற்றி எழுதிய விரிவான நூலை ஹாலே அச்சிட முன்வரவில்லை. அதை வில்ஹெல்ம் கெர்மன் 1867இல் சென்னையில் பதிப்பித்தார்.

1714இல் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை உடனழைத்து ஐரோப்பா சென்றார். பயணத்தினூடே எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. மணமுடித்து அவ்வாண்டே திரும்பினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார்.

கோபன்ஹேகன் மிஷன் அலுவலகத்துக்கும் அவருக்கும் இருந்த பிணக்கு இறுதி ஆண்டுகளை வருத்தியது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் மறைந்து அவ்வாலயத்திலேயே அடக்கமானார். அவர் ரூத் ஆகமம் வரை பெயர்த்திருந்த பழைய ஏற்பாட்டைப் பெஞ்சமின் சூல்ட்சே நிறைவு செய்தார்.

தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலேயர் வசமானது. 2006இல் சீகன்பால்கு வருகையின் 300ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது. நூற்பட்டியலும் இலக்கணமும் அண்மையில் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுள்ளன.