மண் குதிரையும் ஜூபிலியும்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் எங்கள் ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலம் என்றாலே பீங்கான். ஃபியூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரைக்கும் அங்கே சூளையில் வெந்து வெளியே வரும். ஆனால் சுற்றுவட்டாரத்து அய்யனார் கோயில்களில் நிற்கும் குதிரைகள் சாதாரணச் சுட்ட மண்தான். பிள்ளைக்கு நடை வரவில்லை என்றால் மண்ணில் கால் செய்து வைப்பார்கள். கொஞ்சம் வசதி இருந்தால் குதிரையே.

அக்கா மகனுக்கு இரண்டு வயதாகியும் உட்கார வரவில்லை. பெருமூளை வாதம் என்றார்கள். அம்மா குதிரை நேர்ந்துகொண்டாள்.

"மண் குதிரைய நம்பி ஆத்துல எறங்காதன்னு நீதானம்மா சொல்லுவ?" என்றேன். (அது குதிரையே இல்லை, மணல் மேடாகிய குதிர் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.)

"அப்ப ஒன் கம்ப்யூட்டர்ல வேற குதிர இருந்தா எறக்குடா."

அப்படித் தேடப்போய்த்தான் லிஸ் ஹார்டெலிடம் வந்து சேர்ந்தேன்.

டென்மார்க்காரர். 1921இல் பிறந்தவர். குதிரையை நடன அசைவுபோலத் துல்லியமாக நடத்திக்காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் தேசிய அளவில் முதலிடம் பிடித்தவர். 1944இல், 23 வயதில், வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது போலியோ தாக்கியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தவழ்வதிலிருந்து தொடங்கி ஊன்றுகோலில் நடக்கும்வரை அவர் மீண்டார். முழங்காலுக்குக் கீழே மட்டும் செயல் திரும்பவேயில்லை. டிரெஸ்ஸாஜில் குதிரையோடு பேசுவதே பெரும்பாலும் காலால்தான். அதற்குப் பதில் உடம்பின் எடையையும் முதுகின் அசைவையும் வைத்துப் பேச, ஜூபிலி என்ற தன் பெண் குதிரையைப் பழக்கினார்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். அதுவரை அந்தப் போட்டி ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும். அந்த ஆண்டுதான் பெண்களுக்கும் கதவு திறந்தது. ஆண்களோடு போட்டியிட்டு ஹார்டெல் வெள்ளி வென்றார். குதிரையிலிருந்து இறங்க அவருக்கு ஆள் வேண்டும். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்ரி செயின்ட் சிர் கைகொடுத்து மேடைக்குக் கூட்டிப்போனார். 1956இல் மறுபடியும் வெள்ளி.

அந்தக் காட்சியைப் பார்த்த ஐரோப்பா, பிள்ளைகளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது. நார்வேயில் எல்ஸ்பெத் பட்கர் என்ற பிசியோதெரபிஸ்ட் 1950களில் ஊனமுற்ற குழந்தைகளைக் குதிரையேற்றினார். 1969இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே சங்கங்கள் உருவாகின.

சூட்சுமம் குதிரையின் நடையில் இருக்கிறது. குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், லேசாகச் சுழன்றும் அசைகிறது. மனிதர் நடக்கும்போது இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படித்தான். வேகமும் நமக்கு நெருக்கம், நிமிடத்துக்கு நூறு அடி அளவில். தன் காலால் நடக்காத பிள்ளையின் இடுப்புக்கும் முதுகுக்கும் நடை எப்படி இருக்கும் என்று குதிரை காட்டிவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு நிலைகுலைந்து, தானே சரிசெய்துகொள்கிறது. புரோகிராமராக எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான திருத்தங்கள், யாரும் "நேரா உக்காரு" என்று அதட்டாமலே. குதிரையின் உடல்சூடு நம்மைவிட ஒரு டிகிரி போல அதிகம். இறுகிய தொடைத் தசை இளகுவதற்கு அதுவும் உதவும் என்கிறார்கள்.

மந்திரம் ஏதுமில்லை. உட்காரும் சமநிலையும் உடல் கட்டுப்பாடும் மேம்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் சிலரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள். மூளையில் நேர்ந்த சேதத்தைக் குதிரை சரிசெய்யாது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பு உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் தேவைப்படலாம்: கயிறு பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் இருவர்.

செலவை யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. நம் ஊரில் குதிரை எப்போதுமே செலவுதான். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்த சரக்கு அது. ஆண்டுக்குப் பத்தாயிரம் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிவைத்தார். பாண்டிய நாட்டில் குதிரைகள் பராமரிப்புத் தெரியாமல் செத்துப்போவதையும், சோற்றோடு இறைச்சியை வேகவைத்துப் போடுவதையும் மார்க்கோ போலோ பதிவுசெய்தார். லாடம் அடிக்கத் தெரிந்தவர்களை வியாபாரிகள் இங்கே வரவே விடவில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்! அரசனுக்கு உயிர்க் குதிரை, அய்யனாருக்கு மண் குதிரை. இன்றைக்கும் போலீஸ், கிண்டி ரேஸ், மெரினா சவாரி, கல்யாண ஊர்வலம். நடக்க முடியாத பிள்ளைக்கு ஒன்று தேவைப்படும் என்று அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

நகரங்களில் இந்தப் பயிற்சி தருகிற லாயங்கள் உண்டு. ஆனால் வாரம் ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் போய்வர அக்காவால் முடியாது. வட்டார வள மையத்தில் வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி நடக்கிறது. அங்கே ரெக்சின் தைத்த நீள உருளை ஒன்று. அதன்மேல் அவனை இருபுறமும் கால் போட்டு உட்காரவைத்து, அக்கா பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள, தெரபிஸ்ட் உருளையை மெதுவாக அசைத்தார். ஜூபிலியின் முதுகு தருவதில் கால்வாசிகூட இது தராது என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஹார்டெல் கதையைச் சொன்னேன். "குதிர வாங்கித் தாங்க சார், நான் புடிச்சிக்கிறேன்" என்று சிரித்தார்.

மண் குதிரையும் வைத்தாகிவிட்டது. போன ஆடியில் அவனை அதன் முதுகில் ஏற்றி, நானும் மாமாவும் இருபுறமும் பிடித்துக்கொண்டோம். கழுத்து நின்றது. எத்தனை நொடி என்று அம்மா எண்ணிக்கொண்டிருந்தாள்.