ஊர் சுற்றிப் பார்த்தல்

தமிழில் ஊர் என்று சொன்னால் அதில் சேரி சேராது. இது கிராமத்துக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் என்று நகரத்து அறிவுஜீவிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் 'மரபு நடை'களைப் பாருங்கள். புனித ஜார்ஜ் கோட்டை, மயிலாப்பூர் மாடவீதி, சேப்பாக்கம் அரண்மனை, அப்புறம் கடற்கரை. தூணையும் வளைவையும் காட்டுகிறார்கள். கட்டச் சொன்ன துரையின் பெயர் வருகிறது. கல் சுமந்தவள் எந்தச் சேரியிலிருந்து வந்தாள் என்ற பேச்சே கிடையாது. யாருடைய மரபு இது?

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது அயோத்திதாசர் ஐந்து மார்க் கேள்வி. பிறப்பு 1845, இறப்பு 1914. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகை, அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆனது. எழுதினோம், மார்க் வாங்கினோம். அந்தப் பத்திரிகை வெளிவந்த ராயப்பேட்டை எங்கள் வகுப்பறையிலிருந்து பஸ்ஸில் பதினைந்து நிமிஷம். வாங்கடா, போய்ப் பாத்துட்டு வரலாம்னு எந்த வாத்தியாரும் கூப்பிடவில்லை. ஆளைப் பாடத்தில் சேர்த்துக்கொண்டு, ஆள் நடந்த தெருவை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் தோழர்கள் சிலரோடு சேர்ந்து மாணவர்களை வேறு பாதையில் கூட்டிப் போகிறேன். முதலில் ராயப்பேட்டை. பிறகு அடையாறு ஊரூர்ப் பக்கம். பஞ்சமர் பிள்ளைகளுக்காக 1894-இல் ஆல்காட் அங்கே ஆரம்பித்த இலவசப் பள்ளியின் தொடர்ச்சி இன்றைக்கும் நடக்கிறது. அங்கிருந்து வடக்கே, புளியந்தோப்பு.

புளியந்தோப்பில்தான் பாடப் புத்தகம் தடுமாறுகிறது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதை மாணவர்கள் படித்திருக்கிறார்கள். 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நடந்த பெரிய வேலைநிறுத்தமும் தெரியும். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், எனவே அவர்கள் 'கருங்காலிகள்' என்பதோடு கதை முடிந்துபோகிறது. அதற்குச் சில மாதம் முன்னால்தான் ஒரு நீண்ட போராட்டமும் கதவடைப்பும் முடிந்திருந்தன. நிலமோ சேமிப்போ இல்லாதவன் இன்னொரு முறை எத்தனை நாள் பட்டினி கிடப்பான்? இந்தக் கேள்வியைக் கேட்காமலே வர்க்க ஒற்றுமை பேசினார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மோதல் மாதக்கணக்கில் நீடித்தது. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் பலர் செத்தார்கள். அடுத்த வருஷம், 1922-இல், எம்.சி. ராஜா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசுப் பதிவுகளில் எழுத ஆணை பிறந்தது. எரிந்த குடிசையையும் பெற்ற பெயரையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு.

எங்கள் நடைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கேமரா கூடாது. வழிகாட்டுகிறவர் அதே தெருக்காரராக இருக்க வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாக வேண்டும். அப்படியும் ஒரு ஆயா கேட்டார்: "படிக்கிற புள்ளைங்கதானே? எங்கள வேடிக்கை பாக்கவா வந்தீங்க?" வழிகாட்டிய தம்பி, "இல்ல ஆயா, நீ சொல்லு, அதுங்க எழுதிக்கட்டும்" என்றார். "எங்க பாட்டி சொல்லும், கூரை எரிஞ்சப்போ கைக்கொழந்தையத் தூக்கிக்கினு ஓடுனேன்னு. எவன் எழுதி வச்சான் அத?" அன்றைக்கு எங்கள் கூட்டத்தில் ஆயா ஒருவர்தான் பேராசிரியர்.

கடைசியாகக் கண்ணகி நகர். 2000-லிருந்து கூவம் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருந்த நம் சனங்களைப் பெயர்த்துக்கொண்டுபோய் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொட்டிய இடம். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. எங்களோடு வந்த ஒரு மாணவி அங்கே போனதும்தான் வாய் திறந்தாள்: "இதான் சார் எங்க வீடு. காலேஜ்ல துரைப்பாக்கம்னுதான் சொல்லுவேன்."

மாணவர்களை ஊர் மக்களோடு இணைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் இப்போது பேசுகின்றன. நல்லது. ஆனால் அந்தப் பேச்சில் மாணவர் என்றால் வெளியிலிருந்து வருகிறவர், சனங்கள் என்றால் போய்ப் பார்க்கப்பட வேண்டியவர்கள். அந்தப் பெண் ஏற்கெனவே இணைந்திருக்கிறாள். அவள் முகவரியை மறைக்க வைத்தது எது என்று கல்வி நிலையங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மற்ற மாணவர்களை அன்று அவளே தெருத்தெருவாகக் கூட்டிப்போனாள். எந்த பிளாக்கில் எந்தக் கரைக்காரர்கள், தண்ணி எப்போ வரும், பஸ் எங்கே நிற்காது, எல்லாம் சொன்னாள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். இப்படிப்பட்ட அறிவுக்கு மார்க் போடத் தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் தயாரா? புளியந்தோப்பு ஆயாவைச் சம்பளம் கொடுத்து வகுப்புக்கு அழைப்பார்களா? துறைத்தலைவர்களிடம் போய்க் கேளுங்கள், தோழர்களே. அவர்கள் சரி என்கிற வரைக்கும் நடப்போம்.