உடைந்த கைப்பிடியும் ஒரு பித்தளைத் தகடும்

இழைப்புளிக்கெல்லாம் வரலாறா என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே, இருக்கிறது :-)

அமெரிக்கர் லியோனார்ட் பெய்லி வடிவமைத்த இரும்பு இழைப்புளியின் காப்புரிமைகளை 1869ல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் அந்நாட்டுத் தச்சர்களிடம் பரவலாக இருந்தது அந்த வகைதான். உடல் வார்ப்பிரும்பு. கைப்பிடி மட்டும் பிரேசில் ஈட்டி மரம் (நம்மூர் ஈட்டிக்குப் பங்காளி!).

சிக்கல் அந்தப் பிடியில்தான். அதன் நடுவே ஒரு நீளக் கம்பி இறங்கும், உச்சியில் பித்தளை நட்டு இறுக்கிப் பிடிக்கும். காலப்போக்கில் மரம் சுருங்கும், கம்பி சுருங்காது. பிடி ஆட ஆரம்பிக்கும். ஆடுகிற பிடியைத் தள்ளித் தள்ளி இழைத்தால் அடிப்பக்கம் விரிசல் விடும். கைதவறிக் கீழே விழுந்தாலோ உச்சிக் கொம்பு போச்சு.

ஸ்டான்லியே மாற்றுப் பிடி விற்றதுதான். ஆனால் அது வரும்வரை வேலை நிற்குமா? ஒருவர் இருபுறமும் பித்தளைத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். இன்னொருவர் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றினார். கொம்பு போன இடத்தில் வேறு நிற மரத்தை ஒட்டி, தன் உள்ளங்கைக்கு வாகாகச் செதுக்கிக்கொண்டவர்களும் உண்டு.

இப்போது ஒட்டுப்போட்ட பிடி இருந்தால் சேகரிப்பாளர்களிடம் விலை குறைகிறது. எங்கள் பாடத்தில் இதைத் தேய்மானம் என்போம். அதனால் பலர் அதைக் கழற்றிவிட்டுப் புதுப்பிடி மாட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆலைப் பிடிகள் எல்லாம் ஒரே அச்சு. தகடு திருகியவர் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை, அந்தத் தகடு ஒன்றுதான் மிச்சம். புதிதாக மாட்டும் பிடியும் பெரும்பாலும் அந்த மரமில்லை. 1992 முதல் பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகத்துக்குக் கடும் தடை.