போர்ஷேயைக் காப்பாற்றிய காரும் அதற்குள் இருந்த ஒரு பேரிங்கும்

கல்லணை, தரங்கம்பாடி என்று எழுதிக்கொண்டிருந்த சார் திடீரென்று காருக்கு வந்துவிட்டாரே என்று நினைக்காதீர்கள். இதுவும் வரலாறுதான்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் கேட்டிருந்தான். 2003-ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் எஸ், துணிக்கூரையை மடித்துவிட்டு ஓட்டும் கார், 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, வாங்கலாமா சார் என்று. மூன்று வருடச் சேமிப்பு அது. எனக்கு ஸ்கூட்டருக்கு மேல் எதையும் ஓட்டத் தெரியாது. ஆனால் பழைய ஆவணம் ஒன்றை எடுத்தால், அதை யார், எப்போது, எந்த நெருக்கடியில் எழுதினார்கள் என்றுதானே முதலில் பார்ப்போம்? காரையும் அப்படிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பத்து நாள் படித்தேன். அவனுக்கு எழுதியதை உங்களுக்கும் விரித்து எழுதுகிறேன்.

1986-இல் போர்ஷே ஆண்டுக்கு 50,000-க்கும் அதிகமான கார்களை விற்றது. 1993-இல் அது 15,000-க்கும் கீழே போய்விட்டது. அமெரிக்காதான் அதன் பெரிய சந்தை. அங்கே டாலர் விழுந்ததும் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பெரிய நிறுவனம் எதுவாவது வாங்கி விழுங்கிவிடும் என்ற பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில் தலைமைக்கு வந்தவர் வெண்டலின் வீடெகிங் என்ற பொறியாளர். டொயோட்டா முறையில் தேர்ந்த ஜப்பானியர்களை அழைத்துவந்து தொழிற்சாலையைக் காட்டினார். உயரமான அலமாரிகளில் உதிரிபாகங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. அந்த அலமாரிகளின் மேற்பகுதியை வீடெகிங்கே ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார் என்று சொல்வார்கள். தலைமை அதிகாரி கையில் ரம்பம்! வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் கடைசி பெஞ்சும் விழித்திருக்கும்.

1993 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் பாக்ஸ்டரின் மாதிரியைக் காட்டினார்கள். பாக்ஸர் எஞ்சின், ரோட்ஸ்டர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர். கூட்டம் மயங்கியது. 1995-இல் 928, 968 என்ற இரண்டு பழைய மாடல்களும் நின்றுபோக, 911 மட்டும் மிஞ்சியது. பாக்ஸ்டர் 1996-இல் 2.5 லிட்டர் எஞ்சினோடு விற்பனைக்கு வந்தது. அடுத்த வருடமே ஆர்டரைச் சமாளிக்க முடியாமல் பின்லாந்தில் வால்மெட் நிறுவனத்தின் ஆலையிலும் செய்யவைத்தார்கள். போர்ஷே பிழைத்துக்கொண்டது.

பிழைத்த விதம்தான் நமக்கு முக்கியம். பாக்ஸ்டரும் அடுத்து வந்த புதிய 911-உம் ஒன்றாகவே திட்டமிடப்பட்டவை. முன்பக்கம், கதவு, முகப்பு விளக்கு எல்லாம் பொது. இண்டிகேட்டரும் சேர்ந்த அந்த விளக்கை ஜெர்மன்காரர்கள் பொரித்த முட்டை என்று கேலி செய்தார்கள். நம்மூர் ஆஃப் பாயில்தான். எஞ்சினும் ஒரே குடும்பம். காற்றில் குளிரும் பழைய எஞ்சினை விட்டுவிட்டு, தண்ணீரில் குளிரும் புதிய எஞ்சின். அதற்கு எம்96 என்று பெயர்.

அந்த எஞ்சினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை வாங்கி, சங்கிலிகள் மூலம் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொடுக்கும் இடைத்தரகர். பழைய 911 எஞ்சின்களில் இந்தத் தண்டு, அழுத்தத்தோடு வரும் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழன்றது. எம்96-இல், கியர்பாக்ஸ் பக்க முனையில், கிரீஸ் அடைத்து மூடிய சாதாரண குண்டு பேரிங் ஒன்றை வைத்தார்கள். ஆயுள் முழுக்கப் போதும் என்ற நம்பிக்கை. ஆனால் மூடியின் ரப்பர் நாளடைவில் இறுகிப்போகும். கிரீஸ் கரைந்து வெளியேறும். அழுக்கு ஆயில் உள்ளே புகுந்து தங்கும். குண்டுகள் தேயும். ஒருநாள் பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், சங்கிலி இடம் மாறும், திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் மோதும். எஞ்சின் முடிந்தது. புது எஞ்சின் போட்டால் அதுவே காரின் விலையை விழுங்கிவிடும்.

எனக்கு உறுத்துவது இதுதான். அதே காலத்தில் 911 டர்போவுக்கும் ஜிடி3-க்கும் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பழைய வடிவமைப்பிலிருந்து வந்த எஞ்சினையே வைத்திருந்தார்கள். அவற்றில் இந்த பேரிங் கிடையாது. ஆக, வேறு வழி தெரியாமல் செய்தது என்று சொல்ல முடியாது. சிக்கனம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்த்துச் செய்தது என்பதே என் கணிப்பு. இல்லாவிட்டால் நிறுவனமே இருந்திருக்காது என்று வாதாடுவோரும் உண்டு. அதையும் ஒதுக்கிவிட முடியாது.

எல்லா வருடத்துக் காரும் ஒன்றல்ல. ஆரம்ப கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள். 2000, 2001 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். அதுதான் பலவீனமானது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு 2013-இல் சமரசம் ஆனது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை செய்யப்பட்ட கார்களுக்கு அது பொருந்தியது. நம் பையன் கேட்ட 2003 நட்டநடுவில் இருக்கிறது. அந்த வழக்கையொட்டிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, ஒற்றை வரிசையில் நூற்றுக்கு எட்டு கார், இரட்டை வரிசையில் நூற்றுக்கு ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் நிம்மதியாக ஓட்டியிருக்கிறார்கள் என்றும் படிக்கலாம். 2006 முதல் 2008 வரை பெரிய பேரிங். அது உறுதியானது, ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை.

இன்னொன்று. நம்மூர் புரோக்கர்கள் "டாக்டர் ஓட்டின வண்டி சார், கிலோமீட்டர் ரொம்பக் கம்மி" என்பார்கள். இந்தக் காருக்கு அது பொருந்தாது. வாரம் ஒருமுறை கிளப்பிக் கடைக்குப் போய்வந்த காரைவிட, நன்றாகச் சூடேற ஓடி, அடிக்கடி ஆயில் மாற்றிய கார்தான் மேல் என்று இந்த எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகள் சொல்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு கார் 60,000 கிலோமீட்டர் மட்டும் ஓடியிருந்தால், மீதி நாளெல்லாம் அது சும்மா நின்றிருக்கிறது. ஆகவே கிலோமீட்டரைப் பார்க்காதே, ரசீதுகளைக் கேள் என்று எழுதினேன். கிளட்ச் மாற்றிய ரசீது இருக்கிறதா? அப்போது கியர்பாக்ஸை இறக்கியிருப்பார்கள். பேரிங்கையும் மாற்றியிருந்தால் அதில் எழுதியிருக்கும். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல். இரும்புத் துகள் மின்னினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். ஜெர்மனியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனையில் பிரேக், விளக்கு, துரு, புகை பார்ப்பார்கள். எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்கைப் பார்ப்பதில்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி யாரும் ஏமாற்ற விடக்கூடாது.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிவது இந்தக் கார்களில் சகஜம், பயப்பட வேண்டாம். கூலன்ட் தொட்டி விரிசல் விடும்; பின் டிக்கியின் விரிப்பு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் போதும். முன் பம்பரின் ஓட்டைகளுக்குள் டார்ச் அடித்தால் ரேடியேட்டரில் சருகு மண்டியிருப்பது தெரியும்.

கூரைக்கும் ஒரு கதை உண்டு. 2002 வரை பின்கண்ணாடி பிளாஸ்டிக். மடிக்க மடிக்க மஞ்சளாகிக் கிழியும். 2003 மாடலில் கண்ணாடி வந்துவிட்டது, அந்த மட்டில் பையனுக்கு அதிர்ஷ்டம். ஆனால் கூரை மடங்கும் இடத்தில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. இலை அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கி இருக்கைக்கு அடியில் தேங்கும். சாவியை அடையாளம் கண்டு எஞ்சினைக் கிளப்ப அனுமதிக்கும் மின்னணுப் பெட்டியை அங்கேதான் வைத்திருக்கிறார்கள்! அது நனைந்தால், திருடனைத் தடுக்க வைத்த பெட்டி சொந்தக்காரனையே தடுத்துவிடும். மழைக்காகக் கூரை மூடும் காரில், மழை நீர் சேரும் இடத்தில் அதை ஏன் வைத்தார்கள் என்பதற்கு நான் படித்த எதிலும் பதில் இல்லை.

ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைகளில் யாராவது இந்தக் காரை வைத்திருந்தாலோ, அந்த பேரிங்கை மாற்றியிருந்தாலோ, எவ்வளவு செலவானது என்று கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் அவன் விற்பவரைப் பார்க்கப் போகிறான்.